கூண்டு அட்டையில் எழுதியிருந்ததை அப்படியே நம்பினேன்: நாக்அவுட் எலிகளோடு 14 மாதங்கள்

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறேன். கல்லீரல் சர்க்கரையை எப்படிக் கையாளுகிறது என்பதுதான் என் வேலை. ஒரு மரபணுவைக் கல்லீரலில் மட்டும் இல்லாமல் செய்துவிட்டால் எலியின் ரத்தச் சர்க்கரை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி மரபணுவை நீக்கிய எலிதான் நாக்அவுட் எலி. அந்த எலிகளை வளர்க்கப் போய்த்தான் 14 மாதங்களைத் தொலைத்தேன். சராசரியாக 30 கூண்டுகள், ஒரு கூண்டுக்கு நாளொன்றுக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டால் கூண்டு வாடகை மட்டுமே மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. அது ஆய்வகத்தின் பணம். என் கணக்கில் போனது காலம். ஜேஆர்எஃப் என்ற இளநிலையில் 2 வருடம், எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலையில் 3 வருடம், மொத்தம் 60 மாதம்தான் உதவித்தொகை. அதில் 14 போய்விட்டது. எலி ஒன்றைக் கையில் வாங்கும்போது அதன் ஜீனோடைப்பைப் பற்றி, அதாவது அதனிடம் மரபணுவின் எந்த வடிவம் எத்தனை பிரதி இருக்கிறது என்பதைப் பற்றி, என்ன கேட்க வேண்டும் என்று முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் இன்னோர் ஆய்வகத்திலிருந்து எலிகள் வந்தன. மூன்று ஜோடி. கூண்டு அட்டையில் மரபணுவின் பெயர், பிறந்த தேதி, அதன் கீழே 'ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ்' என்று நீல மையில் எழுதியிருந்தது. ஃப்ளாக்ஸ் என்றால், மரபணுவின் முக்கியமான ஒரு துண்டுக்கு இரு பக்கமும் லாக்ஸ்பி என்ற 34 எழுத்து டிஎன்ஏ அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மரபணு அப்போதைக்கு ஒழுங்காக வேலை செய்யும். கிரீ என்ற நொதி வந்தால் இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில் இருப்பதை வெட்டி எடுத்துவிடும். கல்லீரலில் மட்டும் கிரீ வர வேண்டுமென்றால், கல்லீரல் மட்டுமே அதிகமாகச் செய்யும் ஆல்புமின் மரபணுவின் விசையை கிரீக்கு மாட்டிய எலியோடு சேர்க்க வேண்டும். அதை ஆல்ப்-கிரீ எலி என்போம். படிக்கும்போது இவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் இருக்க முடியுமா என்று எனக்கு ஒரே உற்சாகம். என் வழிகாட்டி சார் கொடுத்த பிரைமர் ஜோடியை (பெருக்க வேண்டிய டிஎன்ஏ துண்டின் இரு முனையையும் குறிக்கும் சிறு துண்டுகள்) வைத்து, வந்த ஆறு எலிகளின் காதுத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அந்தத் துண்டைப் பல மடங்காக்கும் பிசிஆர் போட்டேன். பெருகிய டிஎன்ஏவை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், சாதாரண எலிக்கு வர வேண்டிய சிறிய பட்டை இல்லை. லாக்ஸ்பி இருந்தால் வரும் சற்றே பெரிய பட்டை மட்டும் ஆறிலும் வந்தது. அட்டையில் இருப்பதும் ஜெல்லில் இருப்பதும் ஒன்றுதான் என்று நோட்டில் எழுதி, படத்தையும் ஒட்டிவைத்தேன்.

எலி வளர்ப்பின் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். நான் போடவில்லை. ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் எலியை ஆல்ப்-கிரீ எலியோடு சேர்த்தால் பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் ஒரு ஃப்ளாக்ஸ் பிரதி, ஒரு சாதாரணப் பிரதி. அதில் பாதிக்குத்தான் கிரீ இருக்கும். அந்தப் பாதியை மறுபடியும் ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் எலியோடு சேர்த்தால் நாலில் ஒன்றுதான் நமக்கு வேண்டிய நாக்அவுட். ஆண் எலி மட்டும் போதும் என்றால் எட்டில் ஒன்று. பத்து ஆண் நாக்அவுட் வேண்டுமென்றால் 80 குட்டிகள் பிறக்க வேண்டும். கர்ப்பம் 19 முதல் 21 நாள், பால் மறக்க 21 நாள், இனப்பெருக்கத்துக்குத் தயாராக 6 முதல் 8 வாரம். ஆக ஒரு தலைமுறைக்கு இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ஃபார்ம் பி எழுதும்போது அந்த 80-ஐயும் சேர்த்து எழுத வேண்டும். நான் சோதனைக்கு வேண்டிய 40 எலிகளையும், பிறகு தோன்றியபடி கொஞ்சம் கூட்டியும் எழுதினேன். ஏழாவது மாதமே எண்ணிக்கை தீர்ந்து, கூடுதல் அனுமதிக்கு விண்ணப்பித்து, குழு கூடும்வரை ஆறு வாரம் காத்திருந்தேன். ஜோடிகளைப் பிரித்து வைத்துவிட்டுக் காத்திருந்த அந்த ஆறு வாரமும் வீணான கணக்கில்தான் சேரும்.

முதல் எச்சரிக்கை எனக்கு எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை. அனிமல் ஹவுஸில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா தருமபுரிக்காரர். இருபது வருடமாக அங்கே இருக்கிறார். ஒருநாள் கூண்டு மாற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உன் ஜோடிங்க மட்டும் ஒரு ஈத்துக்கு நாலு குட்டிக்கு மேல போடறதே இல்லையே, மத்தவங்களுது எல்லாம் ஏழு எட்டு போடுதே" என்றார். நான் புதிய இடம் அண்ணா, பழகினால் சரியாகிவிடும் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னார். இரண்டு கூண்டுகளில் பிறந்த மறுநாளே குட்டி செத்துக் கிடந்ததையும் சொன்னார். கூடு கட்டக் கூடுதலாகக் காகிதத் துண்டுகள் போட்டேன், ஏசி சத்தம் அதிகம் என்று ரேக்கை மாற்றச் சொன்னேன். அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரியவே இல்லை. ஃப்ளாக்ஸ் எலி என்பது கிரீ இல்லாதவரை ஒரு குறையும் இல்லாத எலியாக இருக்க வேண்டும். ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் ஜோடி குறைவாகக் குட்டி போட்டால் அந்த அல்லீலிலேயே, அதாவது மரபணுவின் அந்த வடிவத்திலேயே, ஏதோ கோளாறு என்று அர்த்தம். உங்கள் எலிகளுக்கு ஓர் ஈத்தேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஜோடி, எந்தத் தேதி, எத்தனை பிறந்தது, 21-ஆம் நாளில் எத்தனை உயிரோடு இருந்தது, அதில் எந்த ஜீனோடைப் எத்தனை என்று எழுதுங்கள். ஒரு மாறிய பிரதியும் ஒரு சாதாரணப் பிரதியும் உள்ள இரண்டு ஹெட் எலிகளைச் சேர்த்தால் சாதாரணம், ஹெட், இரண்டு பிரதியும் மாறியது என்று 1:2:1 வர வேண்டும். அம்பது குட்டிக்கு மேல் ஆகியும் அந்த விகிதம் வரவில்லையென்றால் குட்டிகள் கருவிலேயே அழிகின்றன என்று சந்தேகப்பட வேண்டும். எலிகளில் மரபணுக்களை ஒவ்வொன்றாக நாக்அவுட் செய்து பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, முழுதாக இல்லாமல் போனால் குட்டி பிறக்காமலோ குறைவாகவோ போகிறது. எங்கள் மரபணுவும் அந்த வகை என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒன்பதாவது மாதம் சோதனை தொடங்கினேன். ஆறு மணி நேரம் பட்டினி போட்டு, உடல் எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ் ஊசி போட்டு, 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளக்க வேண்டும். நாக்அவுட் எலிகளின் கோடுகள் ஓரளவு ஒன்றாகப் போயின. ஒப்பிடுவதற்காக வைத்த, கிரீ இல்லாத கன்ட்ரோல் எலிகளின் கோடுகள் சிதறின. சில சாதாரண எலி மாதிரி, சில நாக்அவுட் மாதிரி, சில இரண்டுக்கும் நடுவில். என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். குளுக்கோமீட்டர் மாற்றினேன், ஸ்ட்ரிப் மாற்றினேன், காலை நேரத்தை மாற்றினேன். ஆய்வகக் கூட்டத்தில் சார், இன்னும் சில எலிகளைச் சேர்த்துப் பார் என்றார். சேர்த்தேன். சிதறல் இன்னும் கூடியது. அந்த மூன்று மாதமும் இரவில் தூக்கம் இல்லை. அம்மா போனில் எப்போ முடியும் என்று கேட்டால் வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன்.

கடைசியில், நாக்அவுட் எலியின் கல்லீரலில் அந்தப் புரதம் உண்மையிலேயே இல்லையா என்று பார்க்க வெஸ்டர்ன் பிளாட் செய்தேன். நாலு கன்ட்ரோல், நாலு நாக்அவுட். திரையில் படம் மெதுவாகத் தெளிந்தது. நாக்அவுட் நாலிலும் பட்டை இல்லை, சரி. கன்ட்ரோலில் முதல் பட்டை அடர்த்தியாக இருந்தது. இரண்டாவது அதில் பாதிகூட இல்லை. மூன்றாவதில் உற்றுப் பார்த்தால்தான் ஏதோ நிழல். நாலாவது மறுபடி பாதி. மாதிரிகளை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து, உறையவைத்த கல்லீரலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்து ஓட்டினேன். அதே படம், அதே வரிசை. அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். கிரீ இல்லாத எலியில் புரதம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பக்கத்து ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) செய்யும் அக்கா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உன் ஃப்ளாக்ஸ் எலி டிஎம்1ஏவா, டிஎம்1சியா?" அப்படி இரண்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியதை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. நாக்அவுட் எலி செய்யும் பழைய முறை கருமூலச் செல்களில் தொடங்குகிறது. 1981-இல் மார்ட்டின் எவன்ஸ் சுண்டெலிக் கருவிலிருந்து அந்தச் செல்களைப் பிரித்து வளர்த்தார். மாரியோ கெபெக்கியும் ஆலிவர் ஸ்மிதீஸும் நாம் கொடுக்கும் டிஎன்ஏ துண்டு, செல்லில் தன்னை ஒத்த இடத்தைத் தேடிப் போய் மாற்றிக்கொள்ளும் வழியைக் காட்டினார்கள். 1989-இல் இந்த வழியில் முதல் எலிகள் வந்தன. மூவருக்கும் 2007-இல் நோபல் கிடைத்தது. மாற்றம் சரியாக விழுந்த செல் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால், நியோ என்ற மருந்து எதிர்ப்பு மரபணுவையும் சேர்த்து நுழைத்து, மருந்து ஊற்றித் தப்பிப் பிழைக்கும் செல்களை மட்டும் எடுப்பார்கள். அதை மூன்றரை நாள் கருவுக்குள் ஊசியால் செலுத்தி வாடகைத் தாயின் கருப்பையில் வைப்பார்கள். பழுப்பு நிற 129 இனத்துச் செல்லைக் கறுப்பு இனக் கருவில் வைத்தால் பிறக்கும் குட்டி கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதுதான் கைமீரா. அதைக் கறுப்பு எலியோடு சேர்த்து முழுப் பழுப்புக் குட்டி பிறந்தால், மாற்றம் செய்த செல்லிலிருந்து விந்து உண்டாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். அந்தக் குட்டிகளிலும் பாதிக்குத்தான் மாற்றம் இருக்கும்.

பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு ஒரே அமைப்பில் செல்களைச் செய்துவைத்தன. அந்த அமைப்பின் முதல் நிலைதான் டிஎம்1ஏ. அதில் முக்கியமான எக்ஸானுக்கு (புரதத்துக்கான குறிப்பு உள்ள மரபணுத் துண்டு) இரு பக்கமும் லாக்ஸ்பி இருக்கிறது. அதோடு, அதற்கு முன்னால் லாக்இசட், நியோ என்ற இரண்டு வெளி மரபணுக்கள் கொண்ட ஒரு பெரிய பொதியும் இருக்கிறது. மரபணுவைப் படித்துக்கொண்டு வரும் செல் இந்தப் பொதியில் மாட்டிக்கொள்வதால் டிஎம்1ஏ எலி கிரீ இல்லாமலேயே ஏறக்குறைய நாக்அவுட்தான். ஃப்ளிப் என்ற இன்னொரு நொதி உள்ள எலியோடு சேர்த்தால் பொதி வெளியே போகும், மரபணு மறுபடி வேலை செய்யும். அந்த நிலைதான் டிஎம்1சி. நாம் ஃப்ளாக்ஸ் என்று சொல்ல வேண்டியது அதை மட்டும்தான். டிஎம்1சி மீது கிரீ வேலை செய்தால் டிஎம்1டி, டிஎம்1ஏ மீது நேராகக் கிரீ வேலை செய்தால் டிஎம்1பி. நான் பயன்படுத்திய பிரைமர்கள் எக்ஸானுக்குப் பின்னால் இருக்கும் கடைசி லாக்ஸ்பியைத்தான் பார்த்தன. அது டிஎம்1ஏவிலும் இருக்கிறது, டிஎம்1சியிலும் இருக்கிறது. பதினான்கு மாதம் நான் ஓட்டிய ஒவ்வொரு ஜெல்லும் இரண்டையும் ஒரே பட்டையாகக் காட்டியிருக்கிறது.

அன்று மாலையே லாக்இசட்டுக்குப் பிரைமர் கடன் வாங்கி, இருந்த 31 இனப்பெருக்க எலிகளுக்கும் பிசிஆர் போட்டேன். ஃப்ளாக்ஸ் எலியில் அந்தப் பட்டை வரவே கூடாது. 26 எலிகளில் வந்தது. ஃப்ளிப் எல்லாச் செல்லிலும் முழுதாக வேலை செய்யாமல் எலி கலவையாக இருக்கலாம். அப்படியொரு எலியின் குட்டிகள் சிலது மாறிய அல்லீலையும் சிலது மாறாததையும் வாங்கியிருக்கும். இரண்டுக்கும் லாக்ஸ்பி பட்டை வந்ததால் எல்லாவற்றையும் ஃப்ளாக்ஸ் என்றே எழுதிவிட்டார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. சில குட்டிகள் செத்ததற்கும், கன்ட்ரோல் கோடுகள் சிதறியதற்கும், பிளாட்டில் பட்டை பாதியாக இருந்ததற்கும் காரணம் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம், பெரும்பாலும் அண்ணா சொன்னதைக் காதில் வாங்காத என் மீதுதான்.

எலி வாங்கும்போது இனி நான் கேட்பது இவை. அல்லீலின் முழுப் பெயர் என்ன? ஒழுங்கான பெயரில் மரபணுவின் குறியீட்டுக்கு மேலே சிறிய எழுத்தில் எல்லாம் இருக்கும். டிஎம் என்றால் குறிவைத்துச் செய்த மாற்றம், ஈஎம் என்றால் கிரிஸ்பர் போன்ற வெட்டும் நொதியால் செய்தது, எண் அந்த ஆய்வகம் செய்த எத்தனையாவது மாற்றம் என்பது, கடைசியில் ஆய்வகத்தின் சுருக்கம். கொழுப்பு ஆராய்ச்சியில் உலகம் முழுக்கப் பயன்படும் ஏபோ-ஈ நாக்அவுட் ஒன்றின் பெயர் டிஎம்1யுஎன்சி என்று முடியும். யுஎன்சி என்பது வட கரோலினா பல்கலைக்கழகம். வெறும் −/− என்று மட்டும் எழுதினால் எந்த அல்லீல் என்று ஒன்றுமே தெரியாது. +/+, +/−, −/− என்பதெல்லாம் எத்தனை பிரதி என்பதற்கு மட்டும்தான். கிரீக்கும் அப்படியே. சாதாரண கிரீ பிசிஆர், கிரீ இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், ஒரு பிரதியா இரண்டா என்று சொல்லாது. ஆகவே கிரீயை எப்போதும் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வரவிடுங்கள். இன்னொன்று, காதுத் துணுக்கில் தெரிவது காதின் ஜீனோடைப். ஆல்ப்-கிரீ எலியின் காதில் ஃப்ளாக்ஸ் அப்படியே இருக்கும். கல்லீரலில் வெட்டு விழுந்ததா என்று கல்லீரலில்தான் பார்க்க வேண்டும். அதுவும் பிறந்த உடனே முழுதாக விழுவதில்லை, ஆறு வாரமாவது ஆக வேண்டும். முதல் ஈத்திலேயே ஒரு நாக்அவுட்டையும் ஒரு கன்ட்ரோலையும் எடுத்துப் புரதத்தைப் பார்த்துவிடுங்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். அந்த இரண்டு எலிகள் எனக்குப் பத்து மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

பின்னணி இனத்தையும் கேளுங்கள். இந்தக் குழப்பத்தைத் தோண்டும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எங்கள் ஃப்ளாக்ஸ் எலிகள் பிளாக் 6 'என்' (N) வகை, ஆல்ப்-கிரீ எலிகள் பிளாக் 6 'ஜே' (J) வகை. இரண்டும் பார்க்க ஒரே கறுப்பு எலி, ஆய்வகத்தில் இரண்டையும் பிளாக் 6 என்றுதான் சொல்வோம். ஜே வகையில் என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதியே இல்லை, அதனால் அது குளுக்கோஸைக் கையாளும் விதமே வேறு. 'என்' (N) வகையில் கண்ணைப் பாதிக்கும் ஆர்டி8 என்ற மாற்றம் இருக்கிறது. சர்க்கரை பற்றி ஆராயும் நான், கடையில் வாங்கிய ஜே எலிகளையும் சாதாரண எலி என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஈத்தில் பிறந்த கூடப்பிறப்புகளைத் தவிர வேறு எதையும் கன்ட்ரோலாக எடுக்காதீர்கள். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. காஸ்பேஸ்-1 என்ற மரபணுவின் நாக்அவுட் என்று பல வருடம் எல்லோரும் பயன்படுத்திய எலியில் காஸ்பேஸ்-11-உம் இல்லை என்று 2011-இல்தான் வெளியே வந்தது. அந்த எலியைச் செய்த 129 இனத்துச் செல்லிலேயே காஸ்பேஸ்-11 பழுதாக இருந்திருக்கிறது. இரண்டு மரபணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எத்தனை தலைமுறை பேக்கிராஸ் செய்தும், அதாவது வேறு இனத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்தும், பிரியவில்லை.

எல்லாம் போகவில்லை. சோதித்த ஒவ்வொரு எலியின் டிஎன்ஏவையும் −20 டிகிரியில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தேன். வேண்டாததைத் தூக்கிப் போடலாம் என்று ஒருமுறை எடுத்துவிட்டு, சோம்பலில் திரும்ப வைத்தது அது. அதை மறுபடி எடுத்து லாக்இசட் பார்த்ததில், 14 கன்ட்ரோலில் 5 சுத்தமான டிஎம்1சி என்று தெரிந்தது. அந்த ஐந்தின் கோடுகளை மட்டும் வரைந்தபோது சிதறல் காணாமல் போயிருந்தது. எலியின் எண்ணும் தேதியும் எழுதி டிஎன்ஏவை வைத்திருங்கள், ஆய்வுக் கட்டுரை வெளிவரும்வரை ஒரு குழாயைக்கூட எறியாதீர்கள்.

லாக்இசட் இல்லாத 5 எலிகளிலிருந்து மறுபடி தொடங்கினோம். நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன், பயனில்லாமல் போன எலிகளின் எண்ணிக்கையோடு. அதை எழுதும்போது கை ஓடவில்லை. 26 இனப்பெருக்க எலிகளோடு அவற்றின் குட்டிகளும் சேர்ந்தது அந்த எண். அட்டைகளை இப்போது நானே எழுதுகிறேன். அல்லீலின் முழுப் பெயர், இனம் 'என்' (N) வகையா 'ஜே' (J) வகையா, எத்தனையாவது தலைமுறை, எந்தெந்தப் பிசிஆர் செய்து எந்தத் தேதியில் பார்த்தது எல்லாம் அதில் இருக்கும். போன வாரம் அண்ணா போன் செய்து, "பாப்பா, மூணாம் ரேக்குல எட்டு போட்டிருக்கு, எட்டும் பால் குடிக்குது" என்றார். அவை பால் மறக்க இன்னும் 12 நாள் இருக்கிறது. பால் மறந்ததும் காதுத் துணுக்கு எடுத்து மூன்று பிசிஆரும் போட வேண்டும்.